ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு

மனைவி போய்ச் சேர்ந்த ஏழாம் மாதம், மயிலாப்பூர் ஃபிளாட்டை இடித்துக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். சரி என்றேன். அப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் சரிதான். துக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடையாறிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அம்மாவோட பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிப் போட்டுடாதேப்பா. கடைசி வருஷம் அதுல தினமும் என்னமோ எழுதிண்டிருந்தா. எனக்கு அது வேணும்."

என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருக இடமில்லை. ஃபிளாப்பி எப்போதோ செத்துவிட்டது. ரிச்சி தெருவில் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டி, ஒயரை வைஃபை பெட்டியில் செருகினேன். என் லேப்டாப்பில் பழையதன் பெயர் தெரிந்தது. ஆனால் திறக்க மாட்டேன் என்றது. அந்தக் காலத்துக் கோப்புப் பகிர்வு முறை பாதுகாப்பில்லையாம், புது லேப்டாப்புகளில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து இயக்குவதற்குள் இரண்டு நாள் போயிற்று. அவளுடைய ஃபோல்டர் முழுசாக வந்து சேர்ந்தது. அன்றே காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். அவ்வளவு சமர்த்து நான்.

"கீபோர்டு வேணா சார். அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று பெட்டியையும் மானிட்டரையும் மட்டும் எடுத்துப் போனார்.

சாயங்காலம் ஒரு கோப்பைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்து இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகள், எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. அவள் தட்டியது பழைய தமிழ் ஃபான்ட்டில். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் தட்டிய ஆங்கிலச் சாவிதான் தெரியும். ஃபோல்டரைக் கொண்டுவந்தவன் ஃபான்ட்டைப் பெட்டியோடு அனுப்பிவிட்டேன்.

"நெட்ல மாத்திக்கலாம்ப்பா, எனக்கு அனுப்பு" என்றாள் மகள். அனுப்பவில்லை. ஏனோ நான் முதலில் படிக்க வேண்டும் என்றிருந்தது.

மிஞ்சிய கீபோர்டில், ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பக்கத்தில் அவள் ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர் இருந்தது. சிலது தேய்ந்து போயிருந்தன. கடைசிக் கோப்பின் கடைசி வரிகளை எடுத்துக்கொண்டு, திரையில் தெரிந்த எழுத்தைக் கீபோர்டில் தேடி, அதற்குரிய தமிழைத் தாளில் எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று.

'என்ன எழுதுகிறாய் என்று இன்றும் அவர் கேட்கவில்லை. கேட்டால் படித்துக் காட்டலாம்.'

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அதற்கு முந்தைய வரியின் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தேன்.