பாறையின் வயதும் மச்சானின் ரோஜாவும்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு பாறையை நான் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். வயது பார்க்க ஆள் வருகிறபோது அது அழுக்காக நிற்கலாமா?

பாறை என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். உத்தனப்பள்ளிப் பக்கம் அவனுடைய நிலத்தின் நட்டநடுவில், எங்கள் ஆலைப் பேருந்தைக் கவிழ்த்துப் போட்டதுபோல் கிடக்கும். அதை உடைத்து, நிலத்தைச் சமன் செய்து, மழைக்கு முன் பசுமைக்குடில் போட்டு ரோஜா வைத்துவிட வேண்டும் என்று அவன் துடித்துக்கொண்டிருந்தான். பாறை உடைக்கும் மெஷின் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது. மறுநாள் இவன் முறை.

அந்த நேரம் பார்த்தா நான் ராயக்கோட்டை சாலையில் அந்த அம்மாவைச் சந்திக்க வேண்டும்! பெங்களூரிலிருந்து வந்த நிலவியல் ஆராய்ச்சியாளர். சாலையோரக் கல்லைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கல்லுக்குள் ஜிர்கான் என்று மணலைவிடச் சிறிய படிகம் இருக்குமாம். அதிலுள்ள யுரேனியம் ஒரே சீராகக் காரீயமாக மாறிக்கொண்டே வருமாம். எது எவ்வளவு என்று அளந்தால் வயது தெரிந்துவிடுமாம். இந்தப் பக்கத்துக் கல் இருநூறு கோடி வருடத்துக்கும் மூத்தது என்றார். நான் ஓசூர் ஆலையில் போல்ட்டின் தடிமனை அளக்கிறவன். ஒரே தொழில்காரர் என்கிற பாசத்தில் எங்கள் பாறைக்கும் அழைத்துவிட்டேன். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.

மச்சானிடம் ஓடினேன். "மெஷினைத் திருப்பி அனுப்பிடு மச்சான். கண்ணுக்குத் தெரியாத கிருமியத் தவிர உலகத்துல ஒரு உசுரும் இல்லாத காலத்துக் கல்லு இது!"

"செடிக்குச் சொல்லி வச்சிருக்கேன் மாமா. மழை புடிச்சா எல்லாம் போச்சு."

"ஒரே வாரம். முழுப் பாறையையும் லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க பாரு. உனக்கு உடைக்கிற வேலையே மிச்சம்."

அக்கா வீட்டுக்காரர் என்ற மரியாதை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு அவனே சாட்சி. மெஷினை அனுப்பிவிட்டான்.

அந்த அம்மா சொன்னபடி வந்தார். நான் பளபளக்கத் தேய்த்து வைத்திருந்த இடத்தையே சுத்தியலால் பெயர்த்து எறிந்தார். "மேல இருக்கறது வெயில் மழையில கெட்டுப்போயிருக்கும் சார். உள்ள இருக்கறதுதான் வேணும்." உள்ளிருந்து தேங்காய் அளவில் ஒரு துண்டை எடுத்து, பைக்குள் போட்டுக் கட்டினார்.

"மீதி?" என்றேன்.

"மீதி எதுக்கு சார்? இந்தச் சுத்துவட்டாரம் பூரா இதே கல்லுதானே?"

அவருடைய ஜீப் போனதும் மச்சான் மெஷின்காரருக்குப் போன் போட்டான். அது தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விட்டதாம். மழை முடிந்துதான் இனி வருமாம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் ரோஜா இல்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே!

"இந்தக் கல்லு பொறந்தப்ப உலகத்துல பூவே கெடையாது மச்சான். பூவெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. இந்தக் கல்லே ஒரு பூவப் பாக்க அவ்வளவு காலம் பொறுத்துச்சு. அடுத்த தடவை மெஷின் வர்றப்ப ஒரு போன் போடு, நானும் வந்து கூட நிக்கிறேன்."

"நீங்க வராதீங்க மாமா."