மூடியைத் திறந்தால் நிற்க வேண்டும்

அப்பளக் கம்பெனி முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாவு பிசையும் மெஷினின் மூடி சுவிட்சைப் புது புரோகிராமில் சேர்க்கக் கூடாது.

மூடியைத் திறந்ததும் மோட்டாரை நிறுத்துவதற்காக இருக்கும் சுவிட்ச் அது. உள்ளே இரண்டு தடித்த பிளேடுகள் சுற்றி உளுந்து மாவைப் பிசையும். கை மாட்டினால் அவ்வளவுதான். ஆனால் நான் போய்ப் பார்த்த அன்று அந்த சுவிட்சைக் கம்பியால் அழுத்திக் கட்டியிருந்தார்கள். மூடி திறந்திருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை இயக்கும் முத்துலட்சுமி அக்கா உள்ளே கையை விட்டு மாவின் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மதுரையில் ஒரு சின்ன ஆட்டோமேஷன் நிறுவனம். கீழக்குயில்குடி போகும் வழியில் இருந்த அந்தக் கம்பெனியின் மெஷினை இயக்கும் பழைய ரிலே பேனலைக் கழற்றிவிட்டு, புரோகிராம் எழுதி ஓட்டும் பி.எல்.சி. என்ற சின்னக் கம்ப்யூட்டரை மாட்டித் தரும் வேலை எனக்கு வந்திருந்தது. சுவிட்ச் இல்லாமல் எழுத முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“ஏம்மா, பல வருஷமா இப்படித்தான் ஓடுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றார். முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் பாண்டி அண்ணனுக்கு அந்த ஆர்டரை விட மனமில்லை. “கவிதா, நீ எழுதலைன்னா இன்னொருத்தன் எழுதப் போறான்” என்றார்.

“எழுதட்டும்ணே. நான் எழுத மாட்டேன். ஒரு நாள் மட்டும் டைம் வாங்கிக் குடுங்க.”

அந்த ஒரு நாளில் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. ஆசைப்பட்டு யாரும் சுவிட்சைக் கட்டிவைக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். மறுநாள் காலை கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். கம்பியை அவிழ்த்துவிட்டு, ஒரு ஈடு மாவை நானே பிசைகிறேன் என்று அக்காவிடம் கேட்டேன். அவர் தயங்கித்தான் தள்ளி நின்றார்.

பாதிப் பிசைவில் மூடியைத் திறந்தேன். மெஷின் நின்றது. மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். உடனே தண்ணீர் வால்வு திறந்துகொண்டது. நின்று கிளம்பியதைப் பழைய பேனல் புது ஈடு என்று எடுத்துக்கொண்டு, மொத்தத் தண்ணீரையும் மறுபடி ஊற்றியது. மாவு கூழாகிவிட்டது.

“கைய விடுறப்ப பயமாத்தான் இருக்கும். ஆனா உளுந்து ஒரே மாதிரியா வருது? பதம் பாக்காம முடியாது. மாவு இம்புட்டும் வீணாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார் அக்கா, தாழ்ந்த குரலில்.

முதலாளி வந்து கூழைப் பார்த்தார். இதற்குத்தான் சுவிட்ச் வேண்டாம் என்றேன் என்று முகம் சுளித்தார். இன்னும் ஒரே ஒரு ஈடு கேட்டேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் புது புரோகிராமை எழுதினேன். மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும். அதுவரை ஊற்றிய தண்ணீரும் பிசைந்த நேரமும் நினைவில் இருக்க வேண்டும். மூடிவிட்டுப் பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்த பி.எல்.சி.யை மதியம் இணைத்து ஓட்டினோம். முதலாளி கைகட்டிப் பக்கத்திலேயே நின்றார். அக்கா வேண்டுமென்றே பல தடவை திறந்து திறந்து மூடினார். கடைசியில் முதலாளி மாவைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார்.

“இப்படின்னா சுவிட்ச் இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

சில மாதங்கள் கழித்து சர்வீஸுக்குப் போனேன். அக்கா யாரிடமோ பேசியபடி, மெஷின் பக்கமே பார்க்காமல் மூடியைத் தூக்கிக் கையை விட்டார். எனக்கு மூச்சு நின்றது. மோட்டார் அதற்குள் நின்றிருந்தது. அவர் பேச்சு நிற்கவே இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவிட்சைக் கட்டிவைத்திருந்தால் கட்டியவரைத் திட்டாதீர்கள். கட்டை அவிழ்த்து, ஒரு ஈடு நீங்களே ஓட்டிப் பாருங்கள். என்ன மாற்ற வேண்டுமோ மாற்றிக் கொடுங்கள். சுவிட்சை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.