செயலாளர் உட்கார்ந்த கல்

எங்கள் நிலத் தரகருக்கு 'நடைத் தரகர்' என்று பட்டப்பெயர். எந்த நிலமானாலும் ஆளை நடத்திக் கூட்டிப்போய்த்தான் காட்டுவார். முன்கோபி வேறு.

சர்ச் கட்ட, குன்றின் மேல் ஒரு நிலத்தைக் காரில் போய்ப் பார்த்து முடிவே செய்துவிட்டோம். நான் சபைச் செயலாளர். "பேசி முடிச்சுக் குடுங்கண்ணே, போதும்" என்றேன் தரகரிடம்.

"கார்ல போனா எல்லா இடமும் பக்கம்தான் தம்பி. கும்பிட வர்றவங்க நடந்துல்ல வருவாங்க? நடங்க!"

பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. பூட்டிக் கிடந்த மரக்கிடங்கு ஒன்றின் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கிடங்கின் சொந்தக்காரம்மா பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

"அக்கா, இந்த இடத்தைக் குடுப்பீங்களா?" என்றார் தரகர்.

"ஆறு வருஷமா சும்மாதான் கெடக்கு. யாரு வந்து கேட்டா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் உக்காந்த எடத்துலயா சர்ச் கட்டுறது?"

"உங்களாலயே ஏற முடியல. உங்க அம்மாவா ஏறப்போறாங்க?" என்றார் தரகர்.

அங்கேதான் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் நடந்தே போகிறோம். அம்மா முன்னால் போய், அந்தக் கல்லில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறார்.