பொங்கல் கோதுமையில் முடிப்புழு

எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் முறம் பிடிப்பதில் ராயபுரம் கிடங்குகளில் என்னை மிஞ்சியவள் கிடையாது. அதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

மூட்டை இறக்கும்போது கோதுமை தரையில் சிந்தும். அதைக் கூட்டிப் புடைத்து ஒரு மூலையில் குவித்து வைப்போம். பொங்கலுக்கு முன்னால், கூட்டுகிற பெண்கள் முறத்தால் அளந்து பங்கு போட்டுக்கொள்வோம். அது கிடங்கு வழக்கம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வருஷம் என் மகள் பிள்ளை பெற்று என்னோடு இருந்தாள். என் பங்கை நம்பித்தான் அவளை அழைத்து வந்திருந்தேன்.

பண்டிகை நெருங்குகையில் பூச்சி பார்க்கிற அதிகாரி வந்தார். நேராக எங்கள் குவியலில் கை விட்டார். உள்ளங்கையில் ஒரு வண்டு.

"மூக்கு வண்டு சார் அது. வெயில்ல கொட்னா ஓடிப்பூடும்" என்று முந்திக்கொண்டாள் என் கூட்டாளி.

"மூக்கு எங்கம்மா இருக்கு, காட்டு?"

"சப்ப மூக்கு சார். என் வூட்டுக்காருக்கு இல்லியா?"

அவரும் சிரித்துவிட்டார். பிறகு பக்கத்துச் சாக்கின் மடிப்பைப் பிரித்தார். உள்ளே மயிர் முளைத்த சின்னப் புழுக்கள், உமி போல உரித்துப்போட்ட தோல்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று என் பக்கம் திரும்பினார்.

மூக்கு வண்டு என்றால் புடைத்து விரட்டலாம், மாவு வண்டைச் சலித்து எடுக்கலாம். இந்த வண்டின் புழுவோ சுவர் வெடிப்பில் புகுந்து, தின்னாமலே கிடந்து உயிர் வளர்க்கிற ஜாதி. என் முறத்துக்கு அடங்காதது இது ஒன்றுதான். அவருக்கும் அது தெரியும்.

"முடிப்புழுதான் சார். எங்க பங்க மட்டும் வுட்டுடு சார். வூட்ல பச்ச ஒடம்புக்காரி கீறா."

"விட்டா உங்க வீட்டு அரிசிக்கும் ஏறிடும்மா. எரிச்சுத்தான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா?"

மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி மருந்து வைத்தார்கள். சிந்தியதற்கு அந்த மரியாதை இல்லை. வெளியே கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மண்ணெண்ணெய் நாற்றம் அடங்கியதும் கோதுமை வறுபடும் வாசனை எழுந்தது. முறத்தை இடுப்பில் இடுக்கியபடி நின்றுகொண்டிருந்தோம். என் வயிறு இரைந்தது பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் மகள் தலையைத் தூக்கினாள்.

"யம்மா, இன்னா வறுத்த வாசன வருது? எனக்கா எடுத்தாந்த?"

சேலையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.