‘ங்க’ புரியாத கருவி

போன செவ்வாய்க்கிழமை மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் ஒரு பரீட்சை. பால் ஊற்றிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டிய நான், அங்கேயே நின்றுவிட்டேன். ஓசியில் கிடைக்கும் வேடிக்கையை விட முடியுமா, சொல்லுங்கள்?

பரீட்சை பழனியம்மாளுக்கு. ஒன்பது வருஷமாக அங்கே கேன் கழுவுகிறவர். புதிதாக வந்திருக்கும் பால் டாங்க்கைச் சுத்தம் செய்யக் கற்றுத் தேறிவிட்டால் ஆபரேட்டர் வேலை, அதுவும் நிரந்தரமாக. தவறினால் மறுபடியும் கேன்தான்.

கற்றுத்தருவது யார்? தலையில் மாட்டும் ஒரு கருவி! ஹெல்மெட்டிலிருந்து ஒரு சின்னக் கம்பி நீண்டு, வலது கண்ணுக்கு முன்னால் தபால்தலை அளவில் ஒரு திரை. எந்த வால்வைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதில் வரும். கை முழுக்க சோப்புத் தண்ணீர் இருக்கும் அல்லவா... அதனால் வாயால் ‘நெக்ஸ்ட்’ என்றால் போதும், அடுத்தது வந்துவிடும். இதற்குப் பெயர் ‘அசிஸ்டெட் ரியாலிட்டி’யாம். அரசு உதவி பெறும் பள்ளி கேள்விப்பட்டிருக்கிறேன் — உதவி பெறும் யதார்த்தத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

கொச்சியில் உட்கார்ந்தபடி கேமரா வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் ட்ரெய்னர். நேரம் அரை மணி.

பழனியம்மாள் முதல் வால்வை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நெக்ஸ்டுங்க.”

திரை அசையவில்லை.

“நெக்ஸ்டு போலாமுங்களா?”

ம்ஹூம்.

“சேச்சி, ‘ங்க’ வேண்டா! ‘நெக்ஸ்ட்’ மாத்ரம் மதி!” — ஸ்பீக்கரில் ட்ரெய்னர் மலையாளத்தில் கத்தினார். ‘நெக்ஸ்ட்’ மட்டும் போதுமாம்.

“அதெப்படிங்க சார்? சொல்லிக் குடுக்கறவங்களப் போயி மொட்டையா வெரட்டறது?”

நியாயம்தானே? எங்கள் பக்கம் ஆளைத் திட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். கருவி செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பத்து நிமிஷம் ஓடிவிட்டது. பழனியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. ஒன்பது வருஷ உழைப்பு இரண்டெழுத்தில் தொங்குகிறதே என்று பதறியது.

“ஏனுங்கம்மா, ‘ங்க’ போடாம நீங்க பேசற ஆளே கெடையாதுங்களா? உங்க ஊட்டுக்காரரு?” என்று கேட்டேன்.

“அவருக்கு ரெண்டு ‘ங்க’ போடோணுமுங்க. எங்க எருமைய மட்டுந்தானுங்க அதட்டுவேன்.”

“அப்ப இதையும் எருமைன்னே நெனச்சுக்குங்க!”

தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“நெக்ஸ்ட்!”

பால் ஊற்ற வரிசையில் நின்றவர்கள் மொத்தமாக ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். திரையும் நகர்ந்தது!

அப்புறம் என்ன? நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்! நான்கு நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டார். “பாஸ்!” என்று கொச்சியிலிருந்து குரல் வந்ததும், யாரையும் லேசில் பாராட்டாத செக்ரட்டரியே கைதட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பழனியம்மாள் கையுறையைக் கழற்றினார். கருவியைத் தலையிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். மூடுவதற்கு முன் குனிந்து அதனிடம் சொன்னார்:

“அவசரத்துல அதட்டிப்போட்டனுங்க... மனசுல வெச்சுக்காதீங்க.”

நடந்ததையெல்லாம் மெமரியில் வைத்துக்கொள்கிற கருவி அது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.