படத்தில் இல்லாத போர்வீரன்

போன வியாழக்கிழமை ஒரு போஸ்டரைப் பார்த்து வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

ஜெசிந்தா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கிற ரொக்ஸ்பரோவில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. மன்னார்ப் பிள்ளை. டவுன்டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சுயாதீனப் படங்களை நாடு நாடாக விநியோகஸ்தர்களிடம் கொண்டுபோய் விற்றுத் தருகிற சேல்ஸ் ஏஜென்ட் கம்பெனி.

"அண்ணை, நியூசிலாந்துப் படம் ஒண்டு போட்டுக் காட்டுறம். அங்கத்தைப் பூர்வகுடி மாவோரிச் சனத்தின்ர கதை. வாங்கிற ஆக்களும் வருவினம். சிரிக்கத் தெரிஞ்ச நாலு பேரும் இருந்தா நல்லம்... வாறியளே?"

போனேன். தியேட்டர் வாசலில் போஸ்டர். முகம் முழுக்கப் பச்சை குத்திய ஒருவன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் தீ. இதில் எங்கே சிரிப்பது?

அந்த நேரம் பார்த்து இயக்குநர் வந்தார். பெயர் அரோஹா. தன் ஊர்ச் சனத்தையே நடிக்க வைத்துப் படம் எடுத்த மாவோரிப் பெண்மணி. போஸ்டரை அவரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"இது யார்?"

"போர்வீரன்!" என்றார் ஜெசிந்தாவின் முதலாளி, பெருமையாக. "மாவோரி என்றால் உலகம் இதைத்தான் எதிர்பார்க்கிறது."

"என் படம், பள்ளிக்கூட பஸ்ஸை யார் ஓட்டுவது என்று சண்டை பிடிக்கிற இரண்டு சகோதரிகளைப் பற்றியது. இவர் அதில் எங்கே வருகிறார்?"

"வரவில்லைத்தான். ஆனால் பஸ்ஸை யார் வாங்குவார்கள்?"

அரோஹா சத்தம் போடவில்லை. "எங்கள் முகத்துக் கோலம் அலங்காரம் இல்லை. எந்தக் குடும்பம், எந்த முன்னோர் என்று அது சொல்லும். இவர் யாருடைய பிள்ளை?"

முதலாளி சிரித்தார். "யாருடைய பிள்ளையும் இல்லை. கம்ப்யூட்டர் வரைந்தது."

சிரித்தார் ஐயா, சிரித்தார்!

"கழற்றுங்கள்," என்றார் அரோஹா. "முதலில் படம் முடியட்டும்," என்றார் முதலாளி. அதற்குள் ஜெசிந்தா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, போஸ்டரைக் கழற்றிச் சுருட்டிவிட்டார்.

"திரும்ப மாட்டு," என்றார் முதலாளி அவரிடம்.

"நோ."

ஒரே ஒரு சொல். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

படம் ஓடியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அக்கா பஸ் சாவியைத் தங்கையின் கையில் வைத்தபோது, வாங்க வந்திருந்த ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்து மூக்கைச் சிந்தினார்.

படத்தை விற்கிற உரிமையை அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் மறுநாள் காலை கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. அரோஹா போகவே இல்லை. மத்தியானம் ஜெசிந்தாவின் வேலையும் போய்விட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு பொங்குகிறது? எங்களுக்கும் இதுதானே நடக்கிறது! ஈழத்தமிழர் கதை என்று ஒரு படத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள்கம்பி எங்கே, துவக்கும் தோட்டாவும் எங்கே, அழுகிற தாய் எங்கே என்பார்கள். நாங்கள் பகிடி விடுவதில்லையா? காதலிப்பதில்லையா? புவாண்ட்-கிளேர் மோலில் பார்க்கிங்குக்கு அடிபடுவதில்லையா? எங்கள் ரத்தம் விலைபோகுமாம், சிரிப்பு விலைபோகாதாம். யார் விற்றுப் பார்த்தார்கள்... சொல்லுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், ஜெசிந்தா என்னைத் தேடிக்கொண்டு வருகிறார்.

"அண்ணை, அரோஹா போன் எடுத்தவ. படத்தை என்னையே விக்கச் சொல்லுறா."

"பயமா இல்லையே?"

"பயம்தான். ஆனா நேற்றே ஒரு விநியோகஸ்தர் போன் எடுத்திட்டார். படத்தில சண்டை இருக்கோ எண்டு கேட்டவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம், பயங்கரச் சண்டை... அக்காவும் தங்கச்சியும் எண்டன். 'ஐயோ, எங்கட வீட்டுக் கதை, உடன அனுப்புங்கோ' எண்டார்!"