பாய்களைச் சுருட்டி வைத்த காலை

நேற்று என் சின்னப் பேத்தி ஆங்கிலப் பாடத்தை நீட்டி, "ஸ்ட்ரைக்குன்னா இன்னா தாத்தா?" என்றாள். எட்டாவதோடு நின்றவன் நான். "வேலைநிறுத்தம்" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் விடவில்லை. அகராதியைப் புரட்டினால் அடி, தீக்குச்சியை உரசு, மணியடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு மூலையில், பாயை இறக்கு. அந்தக் காலத்து இங்கிலாந்து மாலுமிகள் கூலி போதாதென்று கப்பல் பாயை இறக்கிவிட்டு நகர மறுத்தார்களாம். வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டதாம்.

பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, பிள்ளைகளே. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மூக்கில் மரப்பட்டைச் சாயத்தின் நெடி. கட்டுமரத்துப் பாய் உப்பில் மக்காதிருக்க அதில்தான் முக்குவார்கள். ராயபுரத்துக்கு வடக்கே மீனவர் குப்பத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. அங்கே போய்வந்தால் என் சட்டையும் அப்படித்தான் நாறும்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். காண்டிராக்டர் மூட்டை தூக்க மாட்டியிருந்த துருப்பிடித்த சங்கிலி ஒருநாள் அறுந்து, எங்களில் ஒருவனுக்குக் கால் போயிற்று. புதுச் சங்கிலி வரட்டும், அப்புறம் வேலை என்று வெளியே வந்துவிட்டோம். காண்டிராக்டர் அசையவில்லை. விடிந்ததும் குப்பத்து ஆட்களை லாரியில் ஏற்றிவரப் போகிறானாம். மீன் படாத மாதம், கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் எங்கள் வேலை போச்சு. அதைவிட, அதே சங்கிலியின் கீழ் அக்கா புருஷன் நிற்பான்.

சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். "நாளைக்கு இங்கருந்து ஒருத்தரும் வேலைக்குப் போவக்கூடாது" என்றதும் மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, யார்றா செத்தது?"

குப்பத்தில் அப்படித்தான். சாவு விழுந்தால் மட்டுமே பாய்களைச் சுருட்டி மணலில் கிடத்துவார்கள். அடக்கம் முடியும்வரை ஒரு கட்டுமரமும் இறங்காது. நான் விளக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள், யாருக்கென்று தெரியாமலே.

குப்பத்து நாட்டாமை வந்தார். "சாவே வுழல, இன்னாத்துக்குடா வேலய நிறுத்தறீங்க? சோம்பேறிப் பசங்களா!"

"செத்தப்பறம் நிறுத்தி இன்னா நைனா பிரயோஜனம்? அந்தச் சங்கிலிக்கு உன் ஆளு, என் ஆளுன்னு தெரியுமா?"

அவர் கடலைப் பார்த்தார். "போய் உன் வூட்ல படு" என்றார். அவ்வளவுதான். படுத்தால் தூக்கம் வருமா?

விடியற்காலையில் திரும்ப ஓடினேன். எனக்கு முன்னமே லாரி வந்து நின்றிருந்தது. மணலில் பாய்களெல்லாம் சுருட்டிக் கிடந்தன. அதில் வந்த காண்டிராக்டரின் மேஸ்திரியும் அந்தப் பக்கத்து ஆள்தான். பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். "அடடா, யாரு நாட்டாமை செத்தது?"

"இன்னும் யாரும் சாவல. அதுக்குத்தான்."

லாரி காலியாகத் திரும்பியது. சில நாளில் புதுச் சங்கிலி வந்தது.

அந்த மணலை இப்போது கடல் தின்றுவிட்டது. கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கட்டுமரங்கள் போய் விசைப்படகுகள், அவையும் வெளியூர் முதலாளிகளுடையவை. போன மாதம் நாட்டாமையின் மகன் இறந்ததற்குப் போயிருந்தேன். உடல் வாசலில் கிடக்கையிலேயே படகுகள் டீசல் புகையோடு புறப்பட்டுப் போயின. "இன்னா பண்றது மாமா, போவலன்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவான்" என்று சொல்லிவிட்டு ஒருவன் அவசரமாக நடந்தான்.

பாடை தூக்க ஆள் போதவில்லை. இந்த வயதில் நானும் தோள் கொடுத்தேன்.